கிளார்க்சன் ஸ்டான்ஃபீல்டு: மாலுமி, படுதாக்காரர், கடல் ஓவியர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனின் கடல் ஓவியர் யார் என்று கேட்டால் இன்று யாரும் டர்னர் பெயரைத்தான் சொல்வார்கள். டர்னர் உயிரோடிருந்த நாளில் இதே கேள்வியை லண்டனில் கேட்டிருந்தால் பலர் இன்னொரு பெயரையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள்: கிளார்க்சன் ஸ்டான்ஃபீல்டு. சார்லஸ் டிக்கன்சின் வாசகர்களுக்கு இந்தப் பெயர் ஓரளவு பழக்கம். ஓவிய ரசிகர்களுக்கோ பெரும்பாலும் புதிது. அவரைப் பற்றி அறிமுக நிலையில் எழக்கூடிய கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

யார் இவர்?

இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் உள்ள சண்டர்லாந்து என்னும் துறைமுக ஊரில் 1793 டிசம்பர் 3 அன்று பிறந்தவர். முதலில் மாலுமியாக இருந்தார். பிறகு நாடக மேடைக்குப் படுதா வரைந்தார். அதன்பின் கடல் ஓவியராகி, பிரிட்டனின் முதன்மையான கலைஞர் கழகமான ராயல் அகாடமியில் 1832-இல் இணை உறுப்பினராகவும் 1835-இல் முழு உறுப்பினராகவும் இடம்பிடித்தார். 1867 மே மாதம் லண்டனில் காலமானார். அந்த ஆண்டு அகாடமிக் கண்காட்சிக்கும் ஒரு கடற்போர்ப் படத்தை அனுப்பியிருந்தார். ஹெலிகோலாந்து தீவுக்கு அருகே நடந்த ஒரு சிறு மோதல் அது.

‘கிளார்க்சன்’ என்பது குடும்பப் பெயரா?

இல்லை. அது ஒரு நன்றிக்கடன். அப்பா ஜேம்ஸ் ஃபீல்டு ஸ்டான்ஃபீல்டு அயர்லாந்துக்காரர். இளமையில் மாலுமியாக ஓர் அடிமை வணிகக் கப்பலில் ஆப்பிரிக்கக் கரைக்குப் போய்வந்தவர். உடன் சென்ற மாலுமிகளில் மிகச் சிலரே ஊர் திரும்பினார்கள். பிறகு நாடக நடிகரானார். அந்தப் பயணத்தில் கண்டதை மட்டும் அவரால் விழுங்க முடியவில்லை. அடிமை வணிகத்துக்கு எதிராக ஓயாமல் பாடுபட்ட தாமஸ் கிளார்க்சனுக்கு எழுதிய கடிதங்களாக அதை 1788-இல் அச்சிட்டார்; மறு ஆண்டே அதைக் கவிதையாகவும் எழுதினார். அடிமைக் கப்பலின் உள்ளே நடந்ததை ஒரு சாதாரண மாலுமியின் பார்வையிலிருந்து சொன்ன முதல் சாட்சியங்களில் அது ஒன்று. சில ஆண்டுகள் கழித்துப் பிறந்த மகனுக்குக் கிளார்க்சன் பெயரையே வைத்தார். அம்மாவும் நடிகை, படம் வரையவும் தெரிந்தவர். ஆக, கடல், மேடை, தூரிகை மூன்றும் பையனுக்கு வீட்டுச் சொத்து.

ஓவியம் எங்கே கற்றார்?

கலைப்பள்ளி எதிலும் இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் எடின்பரோவில் ஒரு கோச்சு வண்டிப் பெயிண்டரிடம் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். பெரிய மனிதர்களின் குதிரை வண்டிக் கதவுகளில் குலச்சின்னம் எழுதும் வேலை. கோடு பிசகக்கூடாது, வண்ணம் வழியக்கூடாது, சிங்கத்தின் நகம் நகமாகத் தெரிய வேண்டும். அவருடைய பிற்காலப் படங்களில் ஒவ்வொரு கயிறும் தான் கட்டப்பட்ட இடத்தில் சரியாகப் போய் முடிவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வண்டிக் கதவு நினைவுக்கு வரும்.

கடற்படையில் அவர் விரும்பிச் சேர்ந்தாரா?

விரும்பிச் சேர்ந்தது நிலக்கரிக் கப்பலில். சவுத் ஷீல்ட்ஸ் துறைமுகத்திலிருந்து புறப்படும் வணிகக் கப்பல் அது. அது நெப்போலியன் போர்க்காலம். ஆள் பற்றாக்குறையால் கடற்படையே கும்பல் அனுப்பி, வணிகக் கப்பல் மாலுமிகளைப் பிடித்துப் போய்ச் சேர்க்கும். சட்டப்படி நடந்த ஆள்பிடிப்பு. அதில் ஸ்டான்ஃபீல்டும் சிக்கினார். கடற்படைப் பதிவேட்டில் அவர் பெயர் ரோடரிக் பிளாண்டு, புனைபெயர்.

போட்ட இடம் தேம்ஸ் கழிமுகத்தில் ஷியர்னஸ் அருகே நின்ற ‘நேமூர்’ என்ற காவல் கப்பல். போருக்குப் போகாமல் நங்கூரம் பாய்ச்சி நின்று, புதிதாகப் பிடித்துவந்த ஆட்களைப் பிற கப்பல்களுக்குப் பிரித்தனுப்பும் கிழட்டுக் கப்பல். அதன் கேப்டன் சார்லஸ் ஆஸ்டின், நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி. 1813 கடைசியில் அங்கே ஒரு சிறுவன் வந்து சேர்ந்தான்: டக்ளஸ் ஜெரால்டு. பின்னாளில் புகழ்பெற்ற நாடக ஆசிரியர். நகராத கப்பலில் பொழுது போக வேண்டுமே! மாலுமிகள் நாடகம் போட்டார்கள். ஜெரால்டு நாடகத்தைப் பார்த்துக்கொள்ள, ஸ்டான்ஃபீல்டு படுதா வரைந்தார். பின்னர் லண்டன் நாடக உலகில் இருவரும் மறுபடி சந்தித்துக்கொண்டார்கள்.

உடல்நிலை கெட்டு 1814-இல் விடுவிக்கப்பட்டார். 1815-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வணிகத்தில் ஓடிய ‘வார்லி’ கப்பலில் சீனா வரை போய், கைநிறையக் கோட்டோவியங்களோடு திரும்பினார்.

அப்புறம் ஏன் நாடகக் கொட்டகைக்குப் போனார்?

1816-இல் கரையில் வேலை தேடியபோது கிடைத்தது அதுதான். லண்டன் கிழக்கில், மாலுமிகள் புழங்கும் பகுதியில் இருந்த ராயல்டி தியேட்டரில் சேர்ந்தார். அங்கிருந்து எடின்பரோ, பிறகு மீண்டும் லண்டன். எடின்பரோவில் நட்பான டேவிட் ராபர்ட்சும் அவரும் 1820-களில் ட்ரூரி லேன் தியேட்டரில் பக்கத்தில் பக்கத்தில் நின்று படுதா எழுதினார்கள். எகிப்தையும் புனித நாட்டையும் வரைந்து பிற்காலத்தில் பெயர் பெற்ற அதே ராபர்ட்ஸ்தான். ஸ்டான்ஃபீல்டு 1834 வரை அந்தத் தியேட்டரில் தலைமைப் படுதா ஓவியராக இருந்தார்.

படுதா எழுதுவதில் அப்படி என்ன வித்தை?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்லலாம். அவர் கடல் ஓவியரானதற்கான விடை இதற்குள்தான் இருக்கிறது.

மேடைப் படுதாவுக்கு எண்ணெய் வண்ணம் ஒத்துவராது. விளக்கொளியில் பளபளக்கும், காய நாளாகும். ஆகவே வண்ணப்பொடியைச் சூடான வஜ்ஜிரப் பசையில் கரைத்துப் பூசுவார்கள். ஆறினால் உறைந்துவிடும், எனவே கை வேகமாக ஓட வேண்டும். இன்னொரு வம்பு: ஈரமாக இருக்கும்போது தெரியும் நிறம் வேறு, காய்ந்தபின் தெரியும் நிறம் வேறு. நன்றாக வெளிறிவிடும். கண்ணெதிரே கறுத்த புயல்மேகமாக நிற்பது நாளைக்குச் சாம்பலாகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுத் தூரிகை வைக்க வேண்டும். முப்பது அடி அகலத் துணியின் முன்னால் மூக்கு முட்ட நின்று வரைந்தது, கடைசி வரிசையில் உட்கார்ந்தவனுக்குக் கடலாகத் தெரிய வேண்டும்.

ட்ரூரி லேனுக்கு 1817-இலேயே எரிவாயு விளக்கு வந்துவிட்டது. மெழுகுவத்தி, எண்ணெய் விளக்குக் காலத்தில் மறைந்துபோன குறையெல்லாம் இப்போது வெளிச்சத்தில் தெரியும். அதே சமயம் வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். விடியலும் அந்தியும் புயலும் ஓவியரின் கையிருப்பில் சேர்ந்தன.

இதன் உச்சம் நகரும் டயோரமா. மேடையின் இரு ஓரத்திலும் உருளைகள். ஒன்றில் சுற்றியிருக்கும் மிக நீளமான ஓவியத் துணி, அவிழ்ந்து மேடையைக் கடந்து மற்றதில் சுற்றிக்கொள்ளும். பார்வையாளர் நாற்காலியில் இருந்தபடியே கடற்கரையோரமாகப் பயணம் போவார். பாண்டோமைம் எனப்படும் கிறிஸ்துமஸ் காலக் கேளிக்கை நாடகங்களில் ஸ்டான்ஃபீல்டின் டயோரமாவைப் பார்க்கவே கூட்டம் வந்தது. கதையைப் பலர் பொருட்படுத்தவில்லை. 1839-இல் நடிகர் மக்ரெடி ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றியை மேடையேற்றியபோது, சவுத்தாம்ப்டனிலிருந்து பிரான்சுக்குப் போகும் கப்பற்படையை இப்படித்தான் ஓடவிட்டார். 1842-இல் அதே மக்ரெடிக்காக ஹேண்டலின் ஓர் இசை நாடகத்துக்குச் சிசிலிக் கடற்கரை ஒன்று. திரை விலகியதும் அலை ஒன்றன்பின் ஒன்றாக உருண்டுவந்து கரையில் உடைந்து பின்வாங்கும். அதற்குள் அவர் அகாடமி உறுப்பினர்; படுதா எழுதியாக வேண்டிய தேவையில்லை. நண்பருக்காகச் செய்துகொடுத்தார்.

அந்தப் படுதாக்களை இப்போது பார்க்க முடியுமா?

முடியாது. நாடகம் முடிந்ததும் துணியைக் கழுவியோ மேலே பூசியோ அடுத்த நாடகத்துக்கு வைத்துக்கொள்வது கொட்டகை வழக்கம். எஞ்சியதைத் தீயும் எலியும் பார்த்துக்கொண்டன. ஆயிரக்கணக்கானோர் கைதட்டிய அவருடைய மிகப் பெரிய படங்களை இன்று விளம்பரத் தாள்களிலும் பத்திரிகை விமர்சனங்களிலும்தான் ‘பார்க்க’ வேண்டியிருக்கிறது.

டர்னருக்கும் இவருக்கும் போட்டி இருந்ததா?

இருந்தது. ஆனால் அதில் விளையாட்டும் கலந்திருந்தது.

படகின் அணியத்தில், அதாவது முன்முனையில், கட்டியிருக்கும் கயிற்றை ஆங்கில மாலுமிகள் ‘பெயிண்டர்’ என்பார்கள். ஓவியனுக்கும் அதே சொல். ஸ்டான்ஃபீல்டு ‘பெயிண்டரை வீசுதல்’ என்ற தலைப்பில் ஒரு படம் தொடங்கினார். 1826 கண்காட்சிக்குள் முடியவில்லை. அதைச் சீண்டும்படி கால்கட் என்ற ஓவியர், மீன்பிடிப் படகுக்காரர்கள் ‘பெயிண்டரைத் தவறவிடும்’ ஒரு படத்தை வைத்தார். மறு ஆண்டு டர்னர் ‘இதோ பெயிண்டர்’ என்று பொருள்பட ஒரு படத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். எங்கே பொதுமக்களுக்குப் புரியாமல் போய்விடுமோ என்று தலைப்பிலேயே அடைப்புக்குறிக்குள் ‘கயிறு’ என்றும் போட்டார்! மூன்று கடல் ஓவியர்கள் ஒரு சிலேடைக்காக மூன்று கித்தானைச் செலவழித்த கதை இது.

1833-இல் கொஞ்சம் சூடு ஏறியது. ஸ்டான்ஃபீல்டு வெனிஸ் நகரக் காட்சி ஒன்றை அகாடமிக்கு அனுப்புகிறார் என்று கேள்விப்பட்ட டர்னர், இரண்டு மூன்று நாளில் தானும் ஒரு வெனிஸ் படத்தை வரைந்து எதிரே வைத்ததாக அன்றைய பத்திரிகை ஒன்று எழுதியது. இரண்டையும் ஒப்பிட்ட விமர்சகர்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. டர்னரின் வெனிஸ் தண்ணீரில் கரைகிறது. ஸ்டான்ஃபீல்டின் வெனிசில் வாடகைக்கு வீடு பிடிக்கலாம்.

அவருடைய மிக முக்கியமான படம் எது?

அளவிலும் புகழிலும் 1836-இல் காட்சிக்கு வைத்த டிராஃபல்கர் போர். லண்டன் பால் மால் தெருவில் இருந்த யுனைடெட் சர்வீஸ் கிளப்புக்காக வரைந்தது. படைகளின் மூத்த அதிகாரிகள் கூடும் கழகம் அது. 1805 அக்டோபர் 21 அன்று பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பற்படைகளை அட்மிரல் நெல்சனின் பிரிட்டிஷ் படை வென்ற அந்தப் போரில் நின்றவர்கள் பலர் இன்னும் உயிரோடிருந்தார்கள். ஒரு கயிறு இடம் மாறினாலும் குற்றம் கண்டுபிடிக்க ஆள் இருந்தது என்பது கருத்து.

அவர் தேர்ந்தெடுத்த கணத்தைக் கவனிக்க வேண்டும். நெல்சன் குண்டடிபட்டு விழுந்த கணத்தை அவர் வரையவில்லை. நெல்சன் மேல்தளத்திலிருந்து கீழே கொண்டுபோகப்பட்டு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிட்ட பிற்பகல் இரண்டரை மணியை எடுத்துக்கொண்டார். நெல்சனின் ‘விக்டரி’ கப்பல் தன்னோடு பின்னிக்கிடந்த ‘ரெடூட்டாப்ல்’ என்ற பிரெஞ்சுக் கப்பலிடமிருந்து விலகிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிரெஞ்சுக் கப்பலின் மறுபக்கம் ‘டெமரேர்’ என்ற பிரிட்டிஷ் கப்பல் ஒட்டி நிற்கிறது. நாயகன் கண்ணில் படாமல் கீழ்த்தளத்தில் செத்துக்கொண்டிருக்கிறான். மேலே புகை, முறிந்த பாய்மரங்கள், வேலை. கடற்போர் என்றால் பாய்மரமும் கயிறும் அறுந்து கிடக்க அதற்கு நடுவே வேலை பார்ப்பது என்று தெரிந்தவர் தேர்ந்தெடுக்கும் கணம். இதற்காக 1833-இலேயே போட்ட முன்வரைவு டேட் காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

என் தேர்வு வேறு. 1853-இல், ரயில் பாதைகள் போட்டுச் செல்வம் சேர்த்த சாமுவேல் மார்ட்டன் பீட்டோவுக்காக வரைந்த படம்: போர் முடிந்து ஏழு நாள் கழித்து, நெல்சனின் உடலைச் சுமந்த ‘விக்டரி’யை ‘நெப்டியூன்’ கப்பல் ஜிப்ரால்டருக்கு இழுத்துக்கொண்டு வருகிறது. வென்ற கப்பலுக்குச் சொந்தக் காலில் நடந்துவரத் தெம்பில்லை. டர்னர் 1839-இல் காட்டிய ‘டெமரேர்’ படத்திலும் ஒரு கப்பல் இழுபட்டுத்தான் போகிறது. அங்கே நீராவிப் படகு இழுக்க, உடைக்கும் இடத்துக்குப் போகிறது, சூரியனும் கூடவே விழுகிறது. டர்னருக்கு அது ஒரு யுகத்தின் முடிவு. ஸ்டான்ஃபீல்டுக்கு அது ஒரு கப்பல், ஒரு கயிறு, ஒரு பிணம். இந்த அடக்கம் சில நாட்களில் எனக்கு அதிகம் பிடிக்கிறது.

கடலை மட்டும்தான் வரைந்தாரா?

இல்லை. இத்தாலி, ஆல்ப்ஸ், ரைன், மோசல் நதிக்கரை எல்லாம் உண்டு. நான்காம் வில்லியம் அரசர் புதிய லண்டன் பாலத் திறப்பு விழாவையும் போர்ட்ஸ்மத் துறைமுகத்தையும் வரையச் சொன்னார். அந்த அரசர் இளமையில் கடற்படையில் இருந்தவர். ஆளைத் தெரிந்துதான் கேட்டிருக்கிறார். கேப்டன் மரியட்டின் கடற்கதைகளுக்கும் படம் போட்டார்.

டிக்கன்சுக்கும் இவருக்கும் என்ன உறவு?

நெருங்கிய நட்பு. டிக்கன்ஸ் இவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். ஆனாலும் ‘ஸ்டானி’ என்றுதான் கூப்பிடுவார். 1842-இல் டிக்கன்ஸ், எழுத்தாளர் ஃபோர்ஸ்டர், ஓவியர் மக்லீஸ், ஸ்டான்ஃபீல்டு நால்வரும் கார்ன்வாலுக்கு உல்லாசப் பயணம் போனார்கள். வழியில் எது எந்தத் திசை என்று சந்தேகம் வந்தால் பழைய மாலுமி பெரிய வரைபடத்தை விரித்து, சட்டைப்பையிலிருந்து திசைகாட்டியை எடுத்துவிடுவார் என்று டிக்கன்ஸ் ஒரு நண்பருக்குக் கேலியாக எழுதியிருக்கிறார். தரையில் கோச்சு வண்டியில் போகும்போது!

டிக்கன்சின் கிறிஸ்துமஸ் கதைகள் நான்குக்கு ஸ்டான்ஃபீல்டு படம் வரைந்தார். இத்தாலிப் பயண நூலுக்கும் வரைவதாக இருந்தார். அதில் கத்தோலிக்கத் திருச்சபையைப் பற்றி டிக்கன்ஸ் எழுதியிருந்த விதம், பக்தியுள்ள கத்தோலிக்கரான இவருக்கு ஒப்பவில்லை, விலகிக்கொண்டார். பிறகு சாமுவேல் பால்மர் வரைந்தார். நட்பு இதனால் முறியவில்லை என்பதுதான் இருவருக்கும் பெருமை. 1857-இல் ‘லிட்டில் டோரிட்’ நாவலை டிக்கன்ஸ் இவருக்குத்தான் சமர்ப்பித்தார்.

வீட்டில் நாடகம் போடுவது டிக்கன்சின் பித்து. 1855-இல் ஒரு கலங்கரை விளக்க நாடகத்துக்காக அறுபது வயதைத் தாண்டிய ஸ்டான்ஃபீல்டு மறுபடி வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சி, எடிஸ்டன் கலங்கரை விளக்கத்தைப் படுதாவில் எழுதினார். ஓரிரு காலைப்பொழுது வேலை. டிக்கன்ஸ் அதைத் தூக்கிப் போடாமல் தம் வீட்டுச் சுவரில் மாட்டிவைத்தார். அவர் இறந்தபின் 1870 ஏலத்தில் அது ஆயிரம் கினியை (பவுண்டைவிடச் சற்றே கூடிய பழைய பிரிட்டிஷ் பணம்) ஒட்டிய விலைக்குப் போனது.

இவ்வளவு புகழ் பெற்றவர் ஏன் மறக்கப்பட்டார்?

விமர்சகர் ரஸ்கின் இவரை ஆங்கில யதார்த்தவாதிகளின் தலைவர் என்று புகழ்ந்தவர். கடலையும் வானத்தையும் பற்றிப் பழைய ஓவியர்கள் ஆயுள் முழுக்கச் சேர்த்த அறிவு இவருடைய ஒரே படத்தில் இருக்கிறது என்றவர். அதே மூச்சில், சாமர்த்தியத்தைக் கொஞ்சம் குறைத்து நம்மைக் கொஞ்சம் அச்சப்படுத்தக் கூடாதா என்றும் கேட்டார். குறை அங்கேதான். படுதாக்காரரின் கை பார்வையாளரை ஒருபோதும் குழப்பாது. எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடும், புயலையும் ஒழுங்காக நிறுத்திவைக்கும். உயிரோடிருந்தபோது அவரைக் கொண்டாட வைத்தது அந்தத் தெளிவு. ரசனை மாறி, கலங்கலும் மூடுபனியும் மேன்மையாகத் தோன்றத் தொடங்கியதும் அதே தெளிவு பழசாகிப் போனது. 1870-இல் அகாடமியின் குளிர்காலக் கண்காட்சியில் அவருக்குத் தனி இடம் தந்தார்கள். அடுத்த பெரிய கண்காட்சி சொந்த ஊரான சண்டர்லாந்தில் நடந்தபோது ஆண்டு 1979.

எங்கே பார்க்கலாம்?

லண்டன் டேட், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், வாலஸ் சேகரிப்பு, அரச குடும்பச் சேகரிப்பு. விக்டோரியா ஆல்பர்ட்டில் உள்ள 1846-ஆம் ஆண்டு ‘டாகர் பேங்க்’ மீன்பிடிப் படத்திலிருந்து தொடங்கலாம். போர் இல்லை, நெல்சன் இல்லை. வட கடலும் படகும் மட்டும். இணையத்தில் தேடும்போது ஓர் எச்சரிக்கை: மகன் ஜார்ஜ் கிளார்க்சன் ஸ்டான்ஃபீல்டும் ஓவியர், பாணியும் அப்பாவைப் போலவே. பழைய ஏலப் பட்டியல்களில் அப்பாவுக்கு ‘வில்லியம்’ என்று ஒரு முதற்பெயரை யாரோ சேர்த்துவிட்டார்கள், அது தவறு.

அவரைப் பிடித்துப் போட்ட ‘நேமூர்’ கப்பல் என்ன ஆனது?

அதற்குத் தனி வரலாறு உண்டு. முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம். அதே பெயரில் முன்பு இருந்த ‘நேமூர்’, அட்மிரல் போஸ்கவனின் கொடிக்கப்பலாக நம் பக்கம் வந்து, 1749 ஏப்ரலில் கடலூர் புனித டேவிட் கோட்டை அருகே புயலில் சிக்கி ஐந்நூறுக்கும் மேற்பட்டோருடன் மூழ்கியது. ஸ்டான்ஃபீல்டு இருந்தது அடுத்து 1756-இல் சாத்தம் துறையில் கட்டி இறக்கிய கப்பல். அடிமையாக விற்கப்பட்டு, பின்னர் தன் விலையைத் தானே கொடுத்து விடுதலை பெற்று, அடிமை வணிகத்துக்கு எதிராகத் தன் வாழ்க்கையை எழுதிய ஒலாடா எக்குவியானோ சிறுவனாகப் பணிபுரிந்த கப்பலும் இதுவே. எக்குவியானோவின் எதிரியும் ஸ்டான்ஃபீல்டின் அப்பாவுடைய எதிரியும் ஒன்றே. அரை நூற்றாண்டு இடைவெளியில் அதே தளத்தில் அந்த மகன் நின்றிருக்கிறார்.

கப்பலை 1833-இல் உடைத்தார்கள். ஸ்டான்ஃபீல்டு டிராஃபல்கருக்கு முன்வரைவு போட்ட அதே ஆண்டு. 1995-இல் சாத்தம் கப்பல்துறையில் சக்கரத் தச்சர்களின் பட்டறைத் தரையைப் பிரித்தபோது கீழே ஓக் மரச் சட்டங்கள் அடுக்கடுக்காகக் கிடந்தன. ஆராய்ந்து பார்த்ததில் அவை ‘நேமூர்’ கப்பலின் விலாச் சட்டங்கள். இப்போது அங்கேயே காட்சிக்கு இருக்கின்றன.